அக்கா பேயாக நடித்த படம்

பேய்க்குச் செருப்பு வேண்டுமா வேண்டாமா என்பதில்தான் எங்களுக்குள் முதல் வாக்குவாதம் வந்தது.

"பேய்க்குக் காலே கெடையாதுன்னுதான் சொல்வாங்க. அப்புறம் எதுக்குக்கா செருப்பு?" என்றான் என் நண்பன். கேமரா அவனுடையது.

"ரோட்டுல மட்டை முள்ளு கெடக்குது லா. பேய்க்குக் குத்தாது, எனக்குக் குத்தும்" என்றாள் அக்கா.

கடைசியில் தொழிற்சாலைக்குப் போட்டுக்கொண்டு போகும் கேன்வாஸ் சப்பாத்தையே அவள் போட்டுக்கொண்டாள். சேலையைத் தரையில் புரளும்படி இறக்கிக் கட்டிவிட்டோம். பேய் நடந்து வரும்போது கால் தெரியக் கூடாது, தெரிந்தால் அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். இப்படித்தான் எங்கள் படம் தொடங்கியது.

நான் மலேசியாவில், சிரம்பானில், அறையைக் குளிரூட்டும் ஏர்கோன் பழுது பார்க்கிறவன். பகலில் ஏணியும் கையுமாகத் திரிந்துவிட்டு, மாலையில் கைப்பேசியில் பேய்க் குறும்படங்களாகப் பார்த்துத் தள்ளுவேன். அலறலும் ரத்தமும் எனக்குப் பிடிக்காது. ஒரு காலி வராந்தா, காற்றில் மெல்ல அசையும் கதவு, பார்க்கிறவன் தானாகவே பயந்துகொள்ள வேண்டும், அந்த மாதிரிப் படங்கள்தான் பிடிக்கும். அப்படி ஒன்றை நாமே எடுத்தால் என்ன என்று நண்பனிடம் கேட்டேன். கல்யாண வீடியோ எடுத்து எடுத்துச் சலித்துப் போயிருந்தவன், அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டான்.

கதை சின்னது. தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த பழைய லயத்தில் எப்போதோ இறந்துபோன ஒரு பெண், பொழுது சாய்ந்ததும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே உள்ள சாலையில் நடந்து வருவாள். பார்க்கிறவர்கள் ஓடிப் போவார்கள். அவள் யார், ஏன் நடக்கிறாள் என்று நான் எழுதவில்லை. எனக்கே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் மர்மம் என்று நண்பனிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

பேயாக நடிக்க ஒரு பெண் ஒப்புக்கொண்டிருந்தாள். நண்பன் எடுத்த ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குத் தங்கை. அவளுக்கும் கல்யாணம் நிச்சயமானது. வெள்ளைச் சேலை கட்டி, தலையை விரித்துப் போட்டுப் படத்தில் வருவதைத் தனக்கு நிச்சயித்த மாப்பிள்ளையின் வீட்டார் விரும்பவில்லை என்று சொல்லி விலகிக்கொண்டாள். அன்று வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொல்லிப் புலம்பினேன்.

"நான் வர்றேன்" என்றாள் அக்கா.

அவள் என்னைவிட மூத்தவள். செனவாங்கில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் வேலை. கல்யாணமாகிப் பெடாஸ் பக்கம் போனவள், முந்தைய வருடம் ஒரு பையோடு வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அதன் பிறகு போகவில்லை. நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். எங்களில் கல்யாணம் முறிந்துபோவதைச் சாவைப் பேசுவதைவிடத் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டு, சனிக்கிழமை மாலை ஆங்கிலப் பூசைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருவாள். அங்கே யாரும் அவளிடம் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அம்மாவின் கை சோற்றிலேயே நின்றது. "உள்ள பேச்சு போதாதா? இதுல பேயா வேற வேஷம் கட்டணுமா?"

"பேச்சு ஏற்கனவே இருக்குதும்மா. படமும் ஒன்னு சேர்ந்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

படப்பிடிப்பு தொடங்கிய நாளில் சேலைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அவள் அலமாரியின் மேலிருந்த பெட்டியை இறக்கித் திறந்தாள். மாதா கோயிலில் கல்யாணத்தன்று அவள் கட்டியிருந்த வெள்ளைப் பட்டு உள்ளே மடித்து வைத்தபடி இருந்தது.

"இது வேணாம்க்கா" என்றேன்.

"சும்மாதானே கெடக்குது" என்றாள். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கோலா சாவா தாண்டி உள்ளே போகும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அனுமதி கிடைத்தது. ஆபீசில் சொல்லி வாங்கிக் கொடுத்தவர் அங்கே வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருக்கும் ஒரு தமிழர். லயத்தில் பாதி வீடுகள் கூரை சரிந்து கிடந்தன. மற்றப் பாதியில் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த, செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் குடியிருந்தார்கள். வீட்டுக்கு முன்னால் கீரை போட்டிருந்தார்கள். கொடியில் அவர்களுடைய சட்டைகளும் லுங்கிகளும் வரிசையாகக் காய்ந்தன. எங்களுக்கு வேண்டியதோ ஆளில்லாத லயம். அதனால் துணிகளைக் கொஞ்ச நேரம் எடுத்து வைக்கச் சொன்னோம், பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னோம். அவர்கள் சிரித்துக்கொண்டே செய்தார்கள். ஏழு மணி வாக்கில் வெள்ளைச் சேலையில் ஒரு பெண் நடந்து வருவார், யாரும் பயப்பட வேண்டாம் என்று மண்டோரே வீடு வீடாகச் சொல்லி வைத்தார்.

எங்களிடம் விளக்குகள் கிடையாது. சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கியதும், முழுதாக இருட்டுவதற்கு முன் வானம் கொஞ்ச நேரம் நீலமாக நிற்கும். அந்த வெளிச்சத்தில் எடுத்தால் பார்ப்பதற்கு இரவு மாதிரியே இருக்கும் என்று நண்பன் சொன்னான். காரின் முன் கண்ணாடிக்கு வெயில் படாமல் வைக்கும் வெள்ளி அட்டையை விரித்து, இருக்கிற வெளிச்சத்தை அக்காவின் முகத்துக்குத் திருப்பினோம். மூடுபனிக்கு ஒரு பிஸ்கட் டின். அதில் ஈரத் தேங்காய் மட்டையைப் போட்டுப் புகைய விட்டோம். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் இருமிக்கொண்டே நிற்போம். ஒப்பனைக்கு முகப்பவுடரும் கண்மையும். கண்ணுக்குக் கீழே சாம்பல் நிறம் தேய்த்து, உதட்டின் ஓரத்தில் கருஞ்சிவப்பில் ஒரு கோடு இழுத்தேன். நன்றாக வந்திருந்தது. வேலை முடிந்து போய்ச் சேர்வதற்குள் பாதி வெளிச்சம் போய்விடும் என்பதால் ஒரு மாலையில் ஒன்றிரண்டு காட்சிதான் கிடைக்கும்.

முதல் நாள் மாலையில் எடுக்க நினைத்தது முக்கியமான காட்சி. சாலையின் தூரத்து வளைவிலிருந்து அக்கா புகையை விலக்கிக்கொண்டு கேமராவை நோக்கி வர வேண்டும். நானும் நண்பனும் ஒரு மரத்தின் பின்னால் மறைந்துகொண்டோம். அவள் நடக்கத் தொடங்கினாள். தலை குனிந்து, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல் வந்தாள். நான் சொல்லிக் கொடுத்த நடை இல்லை அது. நான் மெதுவாக மிதந்து வருகிற மாதிரி வரச் சொல்லியிருந்தேன். ஆனால் இது நன்றாக இருந்ததால் நிறுத்தச் சொல்லவில்லை.

அப்போது அவளுக்குப் பின்னால், வளைவைத் திரும்பி ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அவளைக் கடந்து முன்னால் போனது. ஓட்டி வந்தவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். சட்டென்று பிரேக் பிடித்தார். செம்மண்ணில் கிடந்த சரளைக் கல்லில் சக்கரம் வழுக்கி, மோட்டார் ஒரு பக்கமாகச் சாய்ந்து அவரை இழுத்துக்கொண்டு போய் விழுந்தது.

நாங்கள் ஓடிப் போவதற்குள் அக்கா அவரிடம் போய்விட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மோட்டாரை அவர் மேலிருந்து நகர்த்திக்கொண்டிருந்தாள். அவர் லயத்தில் குடியிருக்கும் வங்காளதேசத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். தோட்டத்தின் இன்னொரு டிவிஷனில் வேலைக்குப் போயிருந்ததால் மண்டோர் சொன்னது அவர் காதுக்குப் போகவில்லை. இடது கை முழங்கைக்குக் கீழே வளைந்திருந்தது. நண்பன், "ஹந்து இல்ல, ஹந்து இல்ல, இது படம்" என்று மலாயும் தமிழும் கலந்து திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். மலாயில் பேயை ஹந்து என்பார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"வாயை மூடிட்டுக் காரை எடுடா" என்றாள் அக்கா.

பின்னணிக்குக் கொண்டுபோயிருந்த கறுப்புத் துணியில் அவருடைய கையைக் கழுத்தோடு தொட்டில் மாதிரி கட்டினாள். வெள்ளி அட்டையை மடித்துக் கைக்குக் கீழே வைத்தாள். தொழிற்சாலையில் முதலுதவிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்று பிறகு சொன்னாள். மண்டோருக்குப் போன் செய்துவிட்டுச் சிரம்பான் அரசு மருத்துவமனைக்குக் கிளம்பினோம். வழி நெடுக அவள் பின்னிருக்கையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குழி வரும் இடமெல்லாம் அவர் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அவசரப் பிரிவில் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். அங்கிருந்த தாதி அக்காவைத்தான் முதலில் நாற்காலியில் உட்காரச் சொன்னார். நோயாளி நான் இல்லை, இவர் என்று அக்கா சொன்ன பிறகும் அவர் முகத்திலிருந்த சந்தேகம் போகவில்லை. வியர்வையில் பவுடர் கோடு கோடாக இறங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே நான் தேய்த்த சாம்பல் நிறம் அந்த வெள்ளை விளக்கில் ரத்தம் கட்டிய மாதிரி இருந்தது. கழுவிவிட்டு வா என்று சொன்னேன். அவரை உள்ளே கூப்பிடட்டும், பிறகு போகிறேன் என்றாள்.

மண்டோர் வந்து பதிவு வேலைகளைப் பார்த்துக்கொண்டார். எக்ஸ்ரே எடுத்து, வலிக்கு ஊசி போட்டு, மாவுக்கட்டுக்காகக் காத்திருக்கும்போது நான் அடிபட்டவரிடம் போய் மலாயில் மன்னிப்புக் கேட்டேன்.

"உங்களைப் பயமுறுத்தணும்னு செய்யல. ரொம்பப் பயந்துட்டீங்களா?"

"எதுக்குப் பயம்?" என்றார்.

"பேய்னு நெனச்சு..."

அவருக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. "பேயா? நான் பேய்னு நெனைக்கல" என்றார். தட்டுத் தடுமாறும் மலாய்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. "யாரோ அடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன். பொம்பளை தனியா நடக்குது. முடி அவிழ்ந்து கெடக்குது. மொகம் அப்படி இருக்குது. எங்கே போகணும், உதவி வேணுமான்னு கேக்கலாம்னுதான் பிரேக் புடிச்சேன். கல்லு விட்டுடுச்சு."

அக்கா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். திரும்பிக் கழிப்பறைப் பக்கம் போனாள். வெகு நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். கண்மை முழுதாகப் போகவில்லை.

அவரை மண்டோரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். நண்பன் காரை ஓட்டினான். நான் முன்னால், அக்கா பின்னால். ராசா என்ற ஊரைத் தாண்டும்போது அவளாகப் பேசத் தொடங்கினாள்.

"நான் அந்த வீட்டை விட்டு வந்தேன்ல, அன்னிக்கு இப்படித்தான் நடந்தேன். பட்டப்பகல். பஸ் நிக்கிற ரோடு வரைக்கும் நடந்தே வந்தேன். உதடு வீங்கிக் கெடந்துச்சு. எத்தனையோ காரு, எத்தனையோ மோட்டர். ஒன்னும் நிக்கல."

நண்பன் வேகத்தைக் குறைத்தான். நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சவங்க காரு ஒன்னு வந்துச்சு. கோயில்ல பாக்குறவங்கதான். பக்கத்துல வந்ததும் மெதுவாச்சு. கண்ணாடி வழியா என்னைப் பாத்தாங்க. அப்புறம் போயிட்டாங்க. அவங்களுக்கு என்னைப் பாத்துப் பயம் போல."

"யாருக்கா அது?" என்றேன்.

"அதை விடு தம்பி. அவங்களைச் சொல்லல. இந்த ஆளைச் சொல்றேன். மொழி தெரியாத ஊரு. யாருன்னே தெரியாது. பிரேக்கைப் புடிச்சாரு பாரு."

அவள் திரும்பி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் என்ன நடந்தது என்று கேட்டதில்லை. கேட்டால் அவளுக்கு வலிக்கும் என்று நான் நினைத்தேன். அம்மா என்ன நினைத்தாரோ தெரியாது. அக்காவும் அவள் கணவனும் சேர்ந்து வாழ வேண்டும் என்று தினமும் ஜெபம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுவதும் வேலைக்கு நடுவே அந்தக் காட்சியையே யோசித்துக்கொண்டிருந்தேன். கேமரா அணையாமல் ஓடிக்கொண்டிருந்ததால் எல்லாம் பதிவாகியிருந்தது. அக்கா நடப்பது, மோட்டார் அவளைக் கடப்பது, அந்தத் தலை திரும்புவது. பேய்ப்படத்தில் ஒருவர் பேயைப் பார்த்த பார்வையாகவே அது இல்லை. என் கதையில் இல்லாத ஒன்று அந்தப் பார்வையில் இருந்தது. அவள் ஏன் நடக்கிறாள் என்று நான் எழுதாமல் விட்டேன். மர்மம் என்று அதற்குப் பெயர் வைத்தேன். உண்மையில், நடந்து வருகிறவளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பார்த்துவிட்டு ஓடுகிறவர்களைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தேன்.

கதையை மாற்றலாமா என்று அக்காவிடம் கேட்டேன். நீ சொன்னதை எடுத்துக்கொள்ளலாமா, உனக்குச் சங்கடமாக இருந்தால் வேண்டாம் என்றேன். அவள் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடிச்சதெல்லாம் காட்டாதே. நடக்குறது மட்டும் போதும்" என்றாள்.

புதிய கதையில் யாரும் அலறி ஓடவில்லை. பேய் சாலையில் நடந்து வருகிறது. ஒரு கார் வருகிறது, வேகம் குறைகிறது, பிறகு போய்விடுகிறது. இன்னொரு மோட்டார், பிறகு ஒரு லோரி. எல்லாரும் பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஒருவர் மட்டும் நிற்கிறார். அந்த ஒருவராக யாரைப் போடுவது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

அவரைப் பார்க்கப் பழங்கள் வாங்கிக்கொண்டு மூவரும் போனோம். கை குணமாகும் வரை நாற்றங்காலில் லேசான வேலை கொடுத்திருந்தார்கள். கீரைப் பாத்தி ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு எங்களை உட்கார வைத்து, சீனி தூக்கலாகத் தேநீர் கொடுத்தார். ஊரிலிருக்கும் மகளிடம் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தவர், திரையை அக்காவின் பக்கம் திருப்பிக் காட்டினார். இவர்தான் அந்தப் பேய் என்று சொன்னார் போல. அந்தப் பக்கத்தில் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். படத்தில் நடிக்கிறீர்களா என்று அவரிடம் கேட்டதும், மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இப்படியே இருங்க, நல்லா இருக்கும்" என்றான் நண்பன்.

இந்த முறை கொடியிலிருந்த துணிகளை எடுக்கச் சொல்லவில்லை. அவை காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. பின்னால் ஏதோ ஒரு வீட்டில் வங்காளப் பாட்டு ஓடியது. அதையும் அப்படியே விட்டுவிட்டோம். மோட்டாரை ஓரத்தில் நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் நிற்க, அக்கா நடந்து வந்தாள். அவர் ஓரடி முன்னால் வைத்து, மலாயில், "அக்கா, என்ன ஆச்சு?" என்று கேட்டார். யாருடைய மொழி எதுவாக இருந்தாலும் இங்கே எல்லாரும் முன்பின் தெரியாத பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நான் எழுதியபடி, அவர் கேட்டதும் அவள் புகைக்குள் மறைந்துவிட வேண்டும். அவள் மறையவில்லை. நின்றாள். அவரைப் பார்த்து, தமிழில், "வீட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கேன்" என்றாள். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டினார். பிறகு மோட்டாரை ஒரு கையால் உருட்ட முயன்றார், முடியவில்லை. அதை விட்டுவிட்டு அவளோடு சேர்ந்து நடந்தார். எவ்வளவு தூரம் போவார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. வெளிச்சம் தீரும் வரை நண்பன் கேமராவை நிறுத்தவில்லை.

படத்தைக் கோலாலம்பூரில் ஒரு தமிழ்க் குறும்படப் போட்டிக்கு அனுப்பினோம். பரிசு கிடைக்கவில்லை. திரையிட்ட அன்று, முதல் கார் கடக்கும்போது அரங்கில் சிலர் சிரித்தார்கள். லோரி கடக்கும்போது யாரும் சிரிக்கவில்லை. நடுவர்களில் ஒருவர், ஒளிப்பதிவு நன்றாக இருக்கிறது, ஆனால் பேய்ப்படத்தில் பயம் இல்லையே என்றார். நண்பனுக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. அவர் சொன்னது சரிதானா என்று இப்போதும் யோசிப்பதுண்டு. பயம் இருக்கிறது, ஆனால் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட எனக்கு இன்னும் தெரியவில்லையோ என்னவோ.

அம்மா அரங்குக்கு வரவில்லை. சில நாள் கழித்து, ஒரு காலையில், நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவராகவே கேட்டார்.

"அந்தப் படத்தைப் போடு பாப்போம்."

கைப்பேசியை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்தார். பட்டுச் சேலை மண்ணில் புரள்வது தெரிந்த இடத்தில் முகம் சுருங்கியது. கார் வந்து மெதுவாகிப் போகும் இடத்தில் கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து பார்த்தார். அக்கா இரவு ஷிப்ட் முடிந்து வந்து சமையலறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

அம்மா எழுந்து சமையலறை வாசலுக்குப் போய் நின்றார்.

"அன்னிக்கு நீ எந்த ரோட்டு வழியா வந்தே?" என்று கேட்டார்.

கரண்டிச் சத்தம் நின்றது. அக்கா சொன்னாள், ஸ்கூலுக்குப் பின்பக்கம் இறங்கி, பாலத்தைத் தாண்டி. அம்மா, "அவ்வளவு தூரமா?" என்றார். பிறகு, "தண்ணி குடிச்சியா?" என்றார். நான் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு கிளினிக்கில் ஏர்கோன் வேலை செய்யவில்லை என்று இரண்டு முறை போன் வந்துவிட்டது. சப்பாத்தை மாட்டும்போதும் உள்ளே இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் குரல் ஒரு முறை உடைந்தது. அக்காதான் அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அக்காவைத் தமிழ்ப் பூசைக்குக் கூட்டிப் போய் முன்வரிசையில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பூசை முடிந்து யாரோ விசாரிக்க வந்தபோது, "என் மகதான், என்கூடதான் இருக்கா" என்று சொன்னாராம். அடுத்த வாரம் அக்கா மறுபடியும் சனிக்கிழமைப் பூசைக்கே போனாள். அங்கேதான் அமைதியாக இருக்கிறது என்றாள். அம்மா சரி என்றார். தனக்கு ஆங்கிலம் புரியாது, இருந்தாலும் துணைக்கு வருகிறேன் என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டார்.